பேர் எழுதிய செங்கல்

எனக்குச் சத்தம் ஆகாது. பிறந்ததிலிருந்தே அப்படி இல்லை. திருவனந்தபுரத்துப் பழவங்காடி என்னை அப்படி ஆக்கிவிட்டது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பிள்ளையார் கோயிலுக்கு அருகில் தேங்காய்க் கடை போட்டவன் நான். என்னிடம் வாங்கிய தேங்காயை என் கண்ணெதிரிலேயே உடைப்பார்கள். பரீட்சையில் பாஸானால் உடைப்பார்கள். ஸ்கூட்டர் வாங்கினால் உடைப்பார்கள். வழக்கில் ஜெயித்தவன் உடைப்பான், தோற்றவனும் அப்பீலுக்காக உடைப்பான். பக்தியைக் குறை சொல்லவில்லை, என் வீட்டு உலை அதில்தான் கொதித்தது. ஆனால் கடைசியில், என் மனைவி மாடம்மாள் குழம்புச் சட்டியில் கரண்டியைத் தட்டினாலே எனக்குத் தூக்கிவாரிப்போடும் நிலைக்கு வந்துவிட்டேன். டாக்டர் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, காதில் கோளாறு இல்லை, தொழிலை மாற்று என்றார்.

மாற்றினேன். அதே ஊரில் ஸ்ரீவராகத்தில் சிவகாமியம்மாள் வீட்டு முன்னறையை வாடகைக்குப் பிடித்து, 'மௌனம் நெட் கஃபே' என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதி மாட்டினேன். ஐந்து கம்ப்யூட்டர், ஒரு காபி மேஜை, ஒரு லேண்ட்லைன் போன். உள்ளே செல்போனில் பேசக்கூடாது, உரக்கச் சிரிக்கக்கூடாது, டம்ளரை வைக்கும்போது சுண்டுவிரலை அடியில் கொடுத்து வைக்க வேண்டும். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டினேன். இரண்டாயிரத்து நாலாம் வருஷம் அது. ஊரில் மூலைக்கு மூலை நெட் கஃபே முளைத்திருந்தது, எல்லாவற்றிலும் கூட்டம். என் கடையில் மட்டும் நிஜமாகவே மௌனம். திருவனந்தபுரத்து ஜனம் அரசியல் பேசாமல் காபி குடிக்காது என்பதை நான் யோசிக்கவில்லை.

அந்தக் கடைக்கு ஒரு மழைநாளில் எலிசாள் வந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது, கையில் ஆண்கள் பிடிக்கிற பெரிய குடை, தோளில் கனமான பை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலையிலிருந்து ரயிலில் வந்திருந்தாள்.

"அண்ணாச்சி, இங்க சத்தம் உண்டா?"

"கிடையாது."

"நெசமாட்டா?"

அவள் என்னை நம்பவில்லை. ஃபேனுக்குக் கீழே மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, "செரி, நான் தெனமும் வருவேன்" என்றாள். கடை திறந்ததிலிருந்து மௌனத்துக்காகவே வந்த முதல் ஆள் அவள்தான். அன்றைக்கு அவளிடம் காபிக்குக் காசு வாங்கவில்லை.

அவள் வேலை இதுதான். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், நோயின் விவரத்தைக் கருவியில் பேசிப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தக் குரல் சென்னையில் ஒரு கம்பெனிக்கு வரும். கம்பெனி அதை எலிசாளுக்கு அனுப்பும். இவள் காதில் ஹெட்போனை மாட்டி, கேட்டதை அப்படியே டைப் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். குரலை நிறுத்தவும் பின்னால் ஓட்டவும் காலுக்கடியில் ஒரு பெடல் வைத்திருந்தாள். ஆக, முகம் தெரியாத ஓர் ஊரில் யாருக்கு மூலம், யாருக்கு மூட்டுவலி என்பதெல்லாம் ஸ்ரீவராகத்தில் உட்கார்ந்திருந்த எலிசாளுக்குத் தெரியும். வாழைக்காய் வறுவலைக் கொறித்துக்கொண்டே யாரோ ஒருவருடைய பெருங்குடலை டைப் செய்வாள்.

கண்ணாடிக் கதவு வழியே பார்க்கிறவர்களுக்கு, ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து காலால் மிதிப்பது மட்டும்தான் தெரியும். இரண்டாவது வாரமே பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி ரவிக்கைத் துணியோடு வந்துவிட்டாள். இது தையல் கடை இல்லை என்று நான் சைகையில் சொன்னேன். கடையில் நானும் உரக்கப் பேசுவதில்லை. அவள் என்னை ஊமை என்று நினைத்துக்கொண்டு, அளவு ரவிக்கையையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதைத் திருப்பிக் கொடுக்க நான் நாலு தெரு அலைந்தேன்.

எலிசாளின் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். சத்தியதாஸ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்ட சூட்டோடு மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. போனாள். போனவள் பதினொரு வருஷம் அங்கேயே இருந்தாள். லீவில் வந்து சேர்ந்திருந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஒரு வருஷம்கூடத் தேறாது. சத்தியதாஸ் வாழையும் மரச்சீனிக் கிழங்கும் போட்டு, ஞாயிறானால் கிறிஸ்தவ சபைக்குப் போய்வந்து, ஊரிலேயே இருந்தார். அவர் பேச்சுக்கு ரொம்பக் கஞ்சம். கடிதம் எழுதவும் வராது. அதனால் கேசட்டில் பேசி அனுப்பச் சொன்னாள். அவரும் அனுப்பினார். "எலிசா, சுகமா? இங்க சுகம்" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். ஆனால் கேசட் ஒரு மணி நேரத்துக்கு உண்டு, அதைப் பாதியில் நிறுத்துவது வீண் என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. ஆகவே டேப் ஓடி முடிகிறவரை அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார்.

"அந்த ஒரு மணிக்கூறும் கேப்பேன் அண்ணாச்சி" என்றாள் ஒருநாள். "கோழி கூவும். ஆரோ கெணத்துல வாளி போடுவாவ. எடைக்கு அவரு தொண்டைய செருமுவாரு. அது எங்கயோ ஒரு எடத்துலதான் வரும். திரும்பத் திரும்ப ஓட்டிக் கேப்பேன்."

அமெரிக்க டாக்டர்கள் மென்று முழுங்கிப் பேசுவதை மற்றவர்கள் தப்புத் தப்பாக டைப் செய்யும்போது இவள் மட்டும் சரியாகப் பிடித்தது எப்படி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. புருஷன் பேசாததையே ஒரு மணி நேரம் கேட்டவளுக்கு இதெல்லாம் என்ன பெரிய காரியம்.

ஒரு வழியாக மஸ்கட் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், வீட்டில் அவளுக்கு இடமில்லை. சத்தியதாஸ் தப்பானவர் இல்லை. பதினொரு வருஷமாகக் காலியாகக் கிடந்த இடத்தில் சாமான் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். கட்டிலில் அவள் பாதியில் பாக்கு மூட்டை. வராந்தா பெஞ்சில் அவர் பக்கத்தில் வாழைக்குலை. அலமாரியில் உரம். இவள் ஒவ்வொன்றாக இறக்கிவைப்பாள், அவர் பழக்கதோஷத்தில் மறுபடி ஏற்றிவைப்பார். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகியும் ஒருவருக்கொருவர் புதுசு. அவள் குறட்டை விடுவாள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் சவரம் செய்யும்போது ஞானப்பாட்டு பாடுவார் என்பது இவளுக்குத் தெரியாது. இனிமேல் வீட்டை விட்டு எங்கேயும் போவதில்லை என்று அவள் உறுதியாக இருந்தாள். பகலில் என் கடை, சாயங்காலம் பாறசாலை ஸ்டேஷனில் ஸ்கூட்டரோடு சத்தியதாஸ். அவளுக்கு வேண்டியது அது மட்டும்தான்.

அதற்கு முதல் இடைஞ்சல் என் கடையிலேயே வந்தது. கம்பெனியின் சாப்ட்வேரை அந்த மூலைக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஏற்றியிருந்தார்கள். ஃபேன் காற்று வருகிற இடமும் அதுதான். ரயில் தாமதமானால் காலேஜ் பிள்ளைகள் அங்கே போய் உட்கார்ந்து சாட்டிங்கில் இறங்கிவிடுவார்கள், எழுந்திருக்கவே மாட்டார்கள். எலிசாள் பஸ்ஸில் துண்டு போடுவதுபோல முதல் நாளே கைக்குட்டையைப் போட்டுவிட்டுப் போனாள். ஒருவன் அதை எடுத்துக் கீபோர்டைத் துடைத்தான். குடையை வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு மழை, குடை கிளம்பிப் போய் இரண்டு நாள் கழித்து வந்தது. டிபன் பாக்ஸை வைத்தாள். அதைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

மாசி மாதம் வந்தது. இந்த ஊரில் அப்போது ஆற்றுக்கால் பகவதிக்குப் பொங்காலை. எங்கெங்கிருந்தோ பெண்கள் லட்சக்கணக்கில் வந்து, கோயிலைச் சுற்றி மைல் கணக்கில் தெருவெல்லாம் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைப்பார்கள். இடம் கிடைப்பது லேசில்லை. அதனால் முன்கூட்டியே வந்து, தெரு ஓரத்தில் செங்கல்லை வைத்து, அதன்மேல் சாக்பீஸால் பேரை எழுதிவிட்டுப் போவார்கள். பேர் எழுதிய கல்லை யாரும் தொடுவதில்லை. கோயில் வாசலில் செருப்பு திருடுகிறவன்கூட அதைத் தாண்டித்தான் போவான். கார்க்காரன் ஒடித்துத் திருப்புவான், மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகும்.

எலிசாள் ஸ்டேஷனிலிருந்து நடந்துவரும் வழியெல்லாம் இதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒருநாள் பையிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து, 'எலிசாள்' என்று தமிழில் ஒரு பக்கமும் மலையாளத்தில் ஒரு பக்கமும் எழுதி, தன் நாற்காலியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ரயில் ரொம்பத் தாமதம். ஒரு பையன் வந்தான், மூலைக்குப் போனான், கல்லைப் பார்த்தான். கையை நீட்டி, சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டு, என்னிடம் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு வெளியே போய்விட்டான். அன்றிலிருந்து அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

பொங்காலை முடிந்தும் கல் போகவில்லை. அது கடையின் சிப்பந்தி மாதிரி ஆகிவிட்டது. எலிசாள் காய்ச்சலில் படுத்த நாட்களிலும் கல் தவறாமல் வேலைக்கு வந்திருந்தது. ஆயுதபூஜைக்கு எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவன், கை வேகத்தில் கல்லுக்கும் வைக்கப் போனேன்.

"அண்ணாச்சி, அதுக்கு வேண்டாம்" என்றாள். "அது எங்க சபைக் கல்லாக்கும்."

இப்படியே ஒரு வருஷம் நிம்மதியாகப் போனது. அப்புறம் சென்னைக் கம்பெனிக்குச் செல்வகணேஷ் என்று புது மேனேஜர் வந்தார். புதிதாக வருகிற மேனேஜருக்கு எதையாவது மாற்றாவிட்டால் சோறு இறங்காது. நோயாளிகளின் ரகசியம் வெளியே போய்விடக்கூடாது, அதனால் வெளியூரிலிருந்து வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அடுத்த மாதம் சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்றார். நிசப்தமான தனி ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. எலிசாள் என் கடையைக் காட்டித் தன் ஆபீஸ் என்றாள். அதை எப்படிச் சோதிப்பது? அவர் போன் செய்வார். ரிசீவரை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். அவர் கேட்பார். சத்தம் வந்தால் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம், உடனே சென்னை.

அந்தச் சோதனைக்கு அவர் குறித்த நாள், பொங்காலை நாள். நேரம் பகல் பதினொன்று.

எலிசாள் என் கடைப் போனிலிருந்தே அவரைக் கூப்பிட்டாள். "சார், வேற ஒரு நாள் வச்சுக்கிடலாமா? அன்னைக்கி எனக்க ஆபீஸ் வாசல்ல லெச்சக்கணக்குல பொம்பளைய சோறு பொங்குவாவ."

 அவர், "மேடம், பாட்டி செத்துட்டாங்கன்னு சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் மூலையில் போய் உட்கார்ந்து கல்லை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். என் கடையில் அழுகைக்கும் அனுமதி இல்லைதான். நான் ஒரு காபி போட்டு அவள் பக்கத்தில் வைத்தேன்.

"எனக்க மாப்பிளைக்கி முருங்கக்கா பிடிக்காதுன்னு போன மாசந்தான் தெரிஞ்சுது அண்ணாச்சி. இத்தற வருசம் பிடிக்கும்னே நெனச்சிருந்தேன். இனியும் போனா, பாக்கியெல்லாம் எப்பத் தெரிய?"

 அந்தச் செல்வகணேஷ் மட்டும் முன்னால் நின்றிருந்தால் ஒரு சாக்குத் தேங்காயை அவர் தலைக்கு நேர்ந்திருப்பேன்.

பொங்காலைக்கு முந்தின நாள் மாலை மாடம்மாளைப் பார்த்து மாத்துத் துணி வாங்கி வர வீட்டுக்குப் போனேன். மறுநாள் தெருவில் ஆணுக்கு நடக்க வழி இராது என்பதால் கடையிலேயே படுப்பதாக ஏற்பாடு. திரும்பி வந்து பார்த்தால், கடைக்குள் மற்ற நாலு நாற்காலிகளிலும் செங்கல். காபி மேஜைமேல் இரண்டு. நான் உட்காருகிற ஸ்டூல்மேலும் ஒன்று. எல்லாவற்றிலும் பேர். தெருவில் இடம் கிடைக்காமல் வந்த பெண்கள் கண்ணாடிக் கதவு வழியே எலிசாளின் கல்லைப் பார்த்திருக்கிறார்கள். உள்ளேயும் இடம் கொடுக்கிறார்கள், ஃபேன் காற்றும் வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். கதவைப் பூட்டாமல் போன புத்திக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கல்லை எடுத்து வெளியே போட எனக்கும் கை வரவில்லை. பேர் எழுதியிருக்கிறதே. அன்று ராத்திரி தரையில் படுத்தேன்.

காலையில் ஏழு பேரும் பானையோடு வந்துவிட்டார்கள். கூடவே, எலிசாளும் வந்தாள். ரயிலில் பெண்களின் பானைகளுக்கு நடுவில் நசுங்கி வந்ததில் புடவையெல்லாம் சிவப்பு மண். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் தீ மூட்டக்கூடாது என்று நான் ஏழு பேரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து சிவகாமியம்மாள் வந்தார். வருஷா வருஷம் அந்த வாசற்படியில் பொங்கல் வைப்பது அவர்தான். தெருவில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"ஏண்டாப்பா பிச்சைக்கனி, கல்லைப் பரத்தி வச்சிருக்கியே, இது கடையா காளவாயா?" என்றார். பிறகு ஏழு பேரையும் தன் அடுப்பை ஒட்டி, படியிலும் நடையிலுமாக நெருக்கி உட்காரவைத்தார். அதில் அவருடைய மூன்று கல்லில் ஒன்று காலில் இடறி உருண்டு இரண்டாக உடைந்துவிட்டது.

நான் இதுதான் சமயம் என்று விஷயத்தைச் சொன்னேன். பதினோரு மணிக்குக் கொஞ்ச நேரம் தெரு அமைதியாக இருக்கவேண்டும் என்றேன்.

"நன்னாயிருக்கு. அம்பாளுக்குப் பொங்கறச்சே வாயை மூடிண்டு இருக்கணுமாக்கும். உன் மௌனத்தை உன் கடையோட வச்சுக்கோ" என்றார்.

எலிசாள் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "மாமி, எனக்க எடத்த ஒருத்தன் எடுக்கப் பாக்கியான்."

சிவகாமியம்மாளின் கை, அரிசி களைந்துகொண்டிருந்த தண்ணீரில் நின்றுவிட்டது. "என்னது?"

"மெட்ராஸ்ல ஒருத்தன். இன்னைக்கி சத்தம் கேட்டா எனக்க எடம் போச்சு."

"பேர் எழுதி வச்சிருந்தியோ?"

எலிசாள் உள்ளே போய்த் தன் கல்லை எடுத்துவந்து காட்டினாள். ஏழு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். மலையாளத்தில் ஒருத்தி வாசித்து மற்றவர்களுக்குச் சொன்னாள். முந்தின நாள் முழுக்க இடம் தேடித் தெருத் தெருவாக அலைந்து, கல்லில் பேர் எழுதி வைத்துவிட்டுப் போனவர்கள் அவர்கள். கம்பெனி, மேனேஜர், அமெரிக்க டாக்டர் எல்லாம் அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு நாள் ஆகியிருக்கும். இது ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"எழுதின எடத்தையா எடுக்கறான்? அவன் உருப்படுவானோ?" என்றார் சிவகாமியம்மாள். பிறகு குரலைத் தணித்து, "எனக்கு ஒரு கல்லு குறையறது. உன்னோடதைத் தருவியா? கேக்காம எடுக்கப்படாது" என்றார்.

எலிசாள் ஒரு கணம் தயங்கினாள். சபையை நினைத்திருப்பாள். பிறகு தானே குனிந்து, மற்ற இரண்டு கல்லுக்கும் எதிரில் அதை வைத்தாள்.

கோயிலில் முதல் அடுப்பைப் பற்றவைத்ததும், அதிலிருந்து அடுத்த அடுப்பு, அடுத்ததிலிருந்து அதற்கடுத்தது என்று தீ தெருத் தெருவாக வரும். எங்கள் தெருவுக்குத் தீ வந்த கையோடு, சிவகாமியம்மாள் சேதியையும் சேர்த்து அனுப்பினார். சொன்னவள் கொள்ளியை நீட்டினாள், கேட்டவள் வாங்கிக்கொண்டு அடுத்தவளிடம் சொன்னாள். தெருக்கோடிக்குப் போய்ச் சேரும்போது அது, மெட்ராஸிலிருந்து ஒருவன் கல்லையெல்லாம் அள்ளிப்போக லாரியோடு வருகிறான் என்று ஆகியிருந்ததாம். ஆனாலும் பதினோரு மணிக்கு மூச்சு விடக்கூடாது என்பது மட்டும் மாறாமல் போய்ச் சேர்ந்தது.

ஒலிபெருக்கி ஒன்று பாக்கி இருந்தது. தெரு முழுக்க அலறிக்கொண்டிருந்த அதற்குச் சிவகாமியம்மாள் வீட்டிலிருந்துதான் மின்சாரம். அவர் உள்ளே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். பாட்டும் நின்றது, என் ஃபேனும் நின்றது.

நான் ஷட்டரை இழுத்துவிட்டு, அடியில் ஈரச்சாக்கைத் திணித்தேன். எலிசாள் போன் முன்னால் உட்கார்ந்தாள். நான் பக்கச் சுவரில் காற்றுக்காகத் திறந்துவிட்டிருந்த சின்ன ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். தெரு கண்ணுக்கெட்டிய மட்டும் புகை. புகைக்குள் வரிசை வரிசையாகப் பெண்கள், கண்ணில் நீர் வழிய, ஒருத்தியும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். விறகு வெடிக்கிற சத்தம்கூட அடங்கியதுபோல் இருந்தது. இத்தனை காலம் நான் ஆசைப்பட்ட மௌனம் அதுதான். நேரில் வந்தபோது எனக்குப் பயமாக இருந்தது.

போன் அடித்தது. எலிசாள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"செல்வகணேஷ். ஸ்டார்ட் பண்றேன் மேடம். பேசாதீங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மஸ்கட்டில் கேசட் கேட்டபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. எனக்கோ மூக்கில் புகை ஏறிவிட்டது. ஊரே வாயைக் கட்டிக்கொண்டிருக்க, மௌனம் கஃபே முதலாளி தும்மிக் காரியத்தைக் கெடுக்கப்போகிறான் என்று நினைத்தபோதே கதி கலங்கியது. தோள் துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன். அந்தக் கோலத்தில் ஜன்னலைப் பார்த்தால், அங்கே அதைவிடப் பெரிய ஆபத்து. சிவகாமியம்மாளின் பானை பொங்கப்போகிறது.

பொங்கல் பொங்கி வழிந்தால் பெண்கள் குலவை இடாமல் இருக்கமாட்டார்கள். அடக்கவும் கூடாது என்பார்கள். நுரை விளிம்புக்கு வந்தது, நிறைந்தது, வழிந்து எலிசாளின் கல்மேல் விழுந்தது. சிவகாமியம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த பானையும் வழிந்தது, அதற்கடுத்ததும் வழிந்தது. தெரு நெடுகப் பானைகள் பொங்கிக்கொண்டே போக, ஒவ்வொருத்தியாக வாயைப் பொத்திக்கொண்டே போனார்கள்.

"எக்ஸலண்ட் மேடம்" என்றார் செல்வகணேஷ். "ஒரு ஃபேன் சத்தம்கூட இல்லை. எங்க ஆபீஸ்லகூட இப்படி கெடையாது. என்ன டிசிப்ளின்! ஒண்ணு சொல்றேன், உங்களை மாதிரி ஒருத்தர்தான் எனக்கு இங்க வேணும். ஒண்ணாம் தேதியிலேருந்து சென்னைக்கு வந்துடுங்க. மொத்த ஃப்ளோருக்கும் நீங்கதான் இன்சார்ஜ்."

வாயில் துண்டோடு நான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். தோற்றாலும் சென்னை, ஜெயித்தாலும் சென்னை.

எலிசாள் கண்ணைத் திறந்தாள். "வேண்டாம் சார்."

"மேடம், இது ப்ரமோஷன்."

"செரிதான் சார். எனக்கு அங்க எடம் வேண்டாம். நான் எடம் பிடிச்சாச்சு."

"எங்க? வேற கம்பெனியா?"

"பாறசாலையில சார். எனக்க வீட்டுல. எனக்க மாப்பிளைக்கப் பக்கத்துல." அவள் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "பதினொரு வருசம் வெளியில இருந்திட்டேன். இனி ஆரு சொன்னாலும் எழும்ப மாட்டேன்."

ஜன்னல் திறந்துதான் இருந்தது. அவள் சொன்னது வாசற்படிக்குக் கேட்டுவிட்டது. சிவகாமியம்மாள் வாயிலிருந்து கையை எடுத்தார். அவர் இட்ட குலவையை ஏழு பேரும் பிடித்துக்கொண்டார்கள், தெரு பிடித்துக்கொண்டது, பக்கத்துத் தெரு, அதற்கடுத்த தெரு என்று அடக்கிவைத்த குலவையெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. என் ஷட்டர் நடுங்கியது. அடுக்கிவைத்த டம்ளர்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. நான் காதைப் பொத்தக் கையைத் தூக்கியவன், எதற்காகவோ பொத்தாமல் விட்டுவிட்டேன்.

"மேடம்! என்ன அது?"

"நான் மொதல்லயே சொன்னேனில்லியா சார், பொங்கால" என்று எலிசாள் கத்தினாள். "ஒங்களுக்காகத்தான் இத்தற நேரம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தாவ."

"எத்தனை பேர்?"

"தெரியாது சார். தெருவு முடியல்ல."

 செல்வகணேஷ் போனை வைக்கவில்லை. குலவை அடங்குகிறவரை கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "நீங்க அங்கேயே இருங்க மேடம்" என்றார். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு, சிவகாமியம்மாள் அந்தக் கல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். ஒரு பக்கம் கரி பிடித்துப்போயிருந்தது. எலிசாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனாள். மறுநாள் கல் இல்லாமல்தான் வந்தாள். நாற்காலியில் கல் இல்லாவிட்டாலும் யாரும் அங்கே உட்காரவில்லை, அது தனிக் கதை.

அந்த வருஷம் ஓணம் கழிந்து என்னையும் மாடம்மாளையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். பாறசாலையில் இறங்கி, வாழைத் தோட்டத்துக்கு நடுவில் வீட்டைக் கண்டுபிடித்துப் போனோம். சத்தியதாஸ் வராந்தா பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். வாழைக்குலையைக் காணோம். அது இருந்த இடத்தில், கரி படிந்த செங்கல். 'எலிசாள்' என்று சாக்பீஸால் புதிதாக எழுதியிருந்தது. கோணல்மாணலான எழுத்து, அவளுடையது இல்லை.

எலிசாள் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கல்லை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்டுல எதுக்குவே கல்லு?" என்று நான் சத்தியதாஸைக் கேட்டேன்.

அவர் தொண்டையைச் செருமினார். 

"காலையில அவ வேலைக்கிப் போயிருவா" என்றார். "எனக்கு மறந்துபோயி வேற எதயாவது ஏத்தி வச்சிரப்பிடாதுல்லா."